மறதி மருந்துக்குப் பறித்த வல்லாரை

எனக்கு எழுபத்தொரு வயது ஆகிறது. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு. மச்சாண்டார், என் வீட்டுக்காரருக்கு அண்ணன், காலமானபோது அவருடைய இரண்டு பிள்ளைகளும் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்கள். ஆறு பேரையும் கீரை விற்றே ஆளாக்கினேன் என்று சொன்னால் என் வீட்டுக்காரருக்குக் கோபம் வரும். அவர் ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்தவர், மாசம் பிறந்தால் சம்பளம் வந்துவிடும். சம்பளம் சோறு போட்டது, கீரை படிக்க வைத்தது. இதை நான் எந்தச் சபையிலும் சொல்வேன்.

இங்கே சொல்லப்போவது எந்தச் சபையிலும் சொல்லாதது. முப்பத்தெட்டு வருஷம் தாம்பரம் மார்க்கெட்டில் உட்கார்ந்திருக்கிறேன். அழுகின கீரையை நல்ல கட்டுக்குள் மறைத்துக் கட்டினவள் இல்லை நான். அப்படிப்பட்டவள் ஒரு மழைக்காலத்தில் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய் ஒரு மருந்துக்குள் போய்விட்டது. என் வீட்டுக்காரருக்கு வந்த மறதி நோய் இருக்கிறதே, அதற்கென்று ஒரு பெண் செய்துகொண்டிருந்த மருந்து.

அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. விளக்குப் போடுகிற நேரத்தில் “அவ வந்துட்டாளா?” என்று கேட்கிற குரல் மட்டும் இந்த வீட்டை விட்டுப் போகவில்லை.

அவருக்கு முதலில் மறந்தது வழி. முப்பது வருஷம் தண்டவாளத்தோடு நடந்த மனிதர், பெருங்களத்தூரில் எங்கள் தெருவுக்குள்ளேயே வீடு தெரியாமல் நின்றார். அப்புறம் ஒரு நாள் டீக்கடையிலிருந்து வேறு யாருடைய சைக்கிளையோ ஓட்டிக்கொண்டு வந்து, “பெல்லை எவன் மாத்துனான்?” என்று என்னோடு சண்டைக்கு வந்தார். பிள்ளைகள் பேர் ஒவ்வொன்றாகப் போனது. பெரியாஸ்பத்திரி டாக்டர், இது அல்சைமர், மூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே போகும், இருக்கிற மாத்திரை கொஞ்ச நாள் தள்ளிப் போடும், நிறுத்தாது என்றார்.

கடைசியாக நான் போனேன். போன விதம்தான் யாருக்கும் சொல்ல முடியாதது. என் முகம் அவருக்குத் தெரியும். தலையில் கூடையோடு வருகிறவளைத் தெரியும். பெண்சாதி என்பதுதான் தெரியாது.

“வாங்கம்மா, ஒக்காருங்க. அவ வெளிய போய்கீறா. இப்ப வந்துடுவா.”

“யாருய்யா?”

“எம் பொஞ்சாதிதான். கொஞ்சம் ராங்கிக்காரி. எதுனா சொன்னா மன்சுல வெச்சிக்காதீங்க.”

நாற்பத்தாறு வருஷத்தில் அந்த மனிதர் என்னை ஒரு நாளும் ‘வாங்க’ என்று கூப்பிட்டதில்லை. எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

“நான்தான்யா அவ. நல்லாப் பாரு.”

அவர் பார்த்தார். மரியாதையாகச் சிரித்தார். “போங்கம்மா, தமாஷ் பண்ணிக்கினு. அவளுக்கு ஏது இவ்ளோ நரை?”

அதற்கு மேல் நான் வாதாடவில்லை. அன்றிலிருந்து என் வீட்டுக்கு நானே விருந்தாளியாகப் போய் வந்தேன். சோறு போட்டால், “ஒங்களுக்கு எதுக்கும்மா செரமம், அவ வந்து போடுவா” என்பார். பிறகு தன் பெண்சாதியைப் பற்றி என்னிடமே சொல்லுவார். அவள் கல்யாணத்தன்று அழவே இல்லையாம். சிவப்புக் கல் மூக்குத்தி போட்டிருப்பாளாம். செத்துப்போனவளைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும். எதிரே உட்கார்ந்து நானும் ‘ஓஹோ’ என்று கேட்டுக்கொள்வேன்.

அந்தப் பெண் மார்க்கெட்டுக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான். சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம். ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கே போகிற பக்கம் ஒரு கல்லூரி, அங்கே டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தது. கல்லூரி பேரையோ அதன் பேரையோ எழுத மாட்டேன். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, என் எதிரே குந்தி உட்கார்ந்து வல்லாரைக் கட்டைப் பிரித்தது. ஒரு இலையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது. கடித்தும் பார்த்தது. கடித்துப் பார்க்கிற வாடிக்கை லேசில் வராது.

“நல்லாக் கசக்குதே. எங்கம்மா பறிச்சீங்க?”

“ஏரிக்கரையில கண்ணு. மேட்டுல படர்ந்துது. தண்ணிக்குள்ள நிக்கிறதத் தொடமாட்டேன், அது சவசவன்னு இருக்கும்.”

“வாராவாரம் ரெண்டு கிலோ வேணும். ஆனா எப்பவும் அதே எடத்துல பறிச்சதா இருக்கணும். எடம் மாறினா இலைக்குள்ள இருக்கற சத்து மாறிடும். எலிக்குக் குடுத்துப் பாக்கறோம்.”

பக்கத்தில் எலுமிச்சம்பழம் விற்கிறவள் விடுவாளா. “இன்னாக்கா, எலிக்குக் கீரை ஆய்ஞ்சு குடுக்கப் போறியா? அப்டியே ரசமும் வெச்சிக் குடு!”

“வெப்பேன்டி. ஒன்னைய மாரி காசு பாக்கி வைக்காது எலி” என்றேன். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டது. எதற்கான மருந்து என்று கேட்டேன். மறதி நோய்க்கு என்றது. என் கை கட்டைக் கட்டாமல் நின்றுவிட்டது.

வாரத்துக்கு ஒரு மூட்டை நானே பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்ன பிறகு அது என்னை உள்ளே கூப்பிட்டு எல்லாம் காட்டியது. வல்லாரை புத்திக்கு நல்லது என்று நம் ஜனங்களுக்குத் தெரியும். நானும் அவருக்குத் துவையல் அரைத்துத்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் தின்கிற இலையின் சாரம் வயிற்றிலேயே பாதி வீணாகிவிடும், மீதியை மூளை உள்ளே விடாது, மூளையைச் சுற்றி ஒரு காவல் இருக்கிறது என்றது அந்தப் பெண். அதனால் சாரத்தை எடுத்து, தலைமயிரின் கனத்தைப் பல நூறாகப் பிளந்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு சின்ன உருண்டைகளுக்குள் வைத்து அனுப்புவதாம். இங்கிலீஷில் ‘நானோ’ உருண்டை என்று அதற்குப் பேர்.

எனக்கு அது உடனே பிடிபட்டது. தாம்பரம் ரயில்வே கேட் மூடியிருக்கும்போது பஸ்ஸும் லாரியும் மூட்டையோடு நிற்கும். கேட்டுக்குக் கீழே குனிந்து ஆள் மட்டும் அந்தப் பக்கம் போய்விடுவான். “அப்டித்தானே?” என்றேன். அந்தப் பெண் நோட்டில் எழுதிக்கொண்டது. “எங்க புரொபசர் இவ்ளோ தெளிவாச் சொன்னதில்லம்மா.”

மருந்து என்று காட்டியதோ அரிசி கழுவின இரண்டாம் தண்ணி மாதிரி இருந்தது. இதற்கா இத்தனை பாடு என்று நினைத்தேன். அந்தப் பெண் சாவிக்கொத்தில் தொங்கிய சின்னச் சிவப்பு விளக்கை அடித்தது. பக்கத்துக் குப்பியில் வெறும் தண்ணி. அதற்குள் ஒன்றும் தெரியவில்லை. மருந்துக் குப்பிக்குள் மட்டும் சிவப்பாக ஒரு கோடு நீளமாக ஓடியது. கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே எத்தனையோ இருக்கிறது என்பதற்கு அது சாட்சியாம்.

எலிகளைப் பார்த்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. பெரிய தொட்டி, பால் பவுடர் கலக்கின தண்ணி. தண்ணிக்கு அடியில் எலி ஏறி நிற்க ஒரு மணை. மேலே இருந்து பார்த்தால் தெரியாது. எலியை நீந்த விட்டு மணை இருக்கிற இடத்தைப் பழக்குவார்கள். பிறகு மறதி வருகிற ஊசி போட்ட எலியை விடுவார்கள். அது தொட்டிச் சுவரைத் தடவிக்கொண்டே சுற்றிச் சுற்றி நீந்தியது. நேற்று ஏறி நின்ற மணையைத் தாண்டிப் போனது, மறுபடி தாண்டிப் போனது. அதன் கண்ணைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் தெருவில் நின்ற பார்வை அதேதான்.

“இப்ப மருந்து குடிச்சதை விடறேன், பாருங்க” என்றது அந்தப் பெண். அந்த எலி கொஞ்சம் தடுமாறியது, திரும்பியது, நேராகப் போய் மணையில் ஏறி மீசையைத் துடைத்துக்கொண்டது.

“அந்தக் குப்பியில ஒரு சொட்டு குடு கண்ணு” என்றேன்.

அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டது. “குடுக்கக் கூடாதும்மா. எலிக்கு நல்லதுன்னா மனுஷனுக்கு நல்லதுன்னு ஆகாது. இன்னும் எவ்ளோ பரீட்சை இருக்கு. எல்லாம் சரியா நடந்தாலும் பத்து வருஷம் ஆகும்.”

பத்து வருஷம் அவருக்குக் கிடையாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆசை விடவில்லை. ஒவ்வொரு மூட்டையையும் சாமி காரியம் மாதிரிப் பறித்தேன். குளித்துவிட்டு, பழுப்பு ஒன்று இல்லாமல், வேட்டியில் பரப்பி நிழலில் உலர்த்தி.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு காலை ஏரிக்குப் போனேன். கரை இல்லை. இடித்த கட்டடத்து மண்ணையும் செங்கல்லையும் லாரி லாரியாகக் கொட்டி மேடு பண்ணியிருந்தார்கள். அடுக்குமாடி வரப்போகிறதாம். என் வல்லாரை அதற்கு அடியில். கையால் கொஞ்சம் தோண்டிக்கூடப் பார்த்தேன். ஓரத்தில் நசுங்கிக் கிடந்த ஒரே ஒரு கொடியை வேரோடு எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.

மறுநாள் மூட்டை போக வேண்டிய நாள். எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. கீரைக்காரி வாயில் ‘இல்லை’ என்ற சொல் வரக்கூடாது. தீர்ந்துபோனாலும் ‘நாளைக்கு நிறைய வரும்’ என்றுதான் சொல்வோம். வீட்டில் அரிசி காலியானாலும் ‘நிறைஞ்சிருக்கு’ என்றுதான். இல்லை என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் அது நம் கூடையிலேயே உட்கார்ந்துகொள்ளும் என்று என் அம்மா சொல்லியிருக்கிறாள். என் வாயில் ஒரு நாளும் வந்ததில்லை.

ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு கால்வாய் ஓடும். இரும்புச் சாமானுக்கு முலாம் பூசுகிற பட்டறைகள் நாலைந்து அதன் மேல்கரையில் இருந்தன. தண்ணியின் மேல் வானவில் மாதிரி ஏடு படிந்திருக்கும். அதன் ஓரம் வல்லாரை மதமதவென்று வளர்ந்திருந்தது, இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். அதைப் பறித்தேன். நன்றாகக் கழுவினேன். நாலு தண்ணி விட்டுக் கழுவினேன்.

“அதே எடம்தானேம்மா?” என்று அந்தப் பெண் கேட்டது. ஒவ்வொரு தடவையும் கேட்கிற கேள்விதான்.

“அதே எடம்தான் கண்ணு.”

“இலை பெருசா இருக்கே?”

“மழை பேஞ்சிகினு கீதுல்ல.”

அரைக்கப் போகிறார்கள், காய்ச்சப் போகிறார்கள், அத்தனை மிஷின் இருக்கிறது, அழுக்கு நிற்குமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏழு மூட்டை அப்படிப் போயிற்று.

மனசு அறுத்தது. யாரிடம் சொல்வது? ஒரு மத்தியானம் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்குச் சொன்னால் கிணற்றில் கல் போட்ட மாதிரி, திரும்பி வராது என்று நினைத்தேன். எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் தோள் துண்டை எடுத்துக் கொடுத்தார். “அழாதீங்கம்மா. அவ வரட்டும், எதுனா வழி சொல்லுவா.”

எட்டாவது மூட்டையோடு போனபோது அந்தப் பெண் கைகழுவுகிற தொட்டியண்டை தலையைக் குனிந்து நின்றிருந்தது. குப்பிகளில் இருந்த மருந்து எல்லாம் பால் திரிந்த மாதிரி பொடிப்பொடியாக அடியில் இறங்கியிருந்தது. முன்னே சரியாக வந்த பக்குவம் இப்போது சேரவே இல்லை. சேர்ந்த கொஞ்சத்தைக் குடித்த எலிகள் இரை எடுக்கவில்லை, ஆறு செத்துப்போயின. மணையை எந்த எலியும் தேடிப் பிடிக்கவில்லை. முதலில் கிடைத்த நல்ல முடிவையே புரொபசர் இப்போது சந்தேகப்படுகிறாராம்.

“நான்தான்மா எங்கயோ தப்புப் பண்ணிட்டேன். எங்கன்னே தெரியல. ராப்பகலா யோசிக்கறேன்” என்றது.

நான் மூட்டையை இறக்கி வைத்தேன். வாயைத் திறக்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது கண்டக்டர் எங்கே என்று கேட்டதற்கு எனக்கு ஊர்ப் பேர் வரவில்லை. நோய் எனக்கும் ஒட்டிக்கொண்டதோ என்று பயந்துபோனேன். அது நோய் இல்லை.

அடுத்த இரண்டு வாரம் நான் போகவில்லை. முட்டிவலி என்று நினைத்துக்கொண்டு அந்தப் பெண் ஸ்கூட்டியில் வீடு தேடி வந்துவிட்டது, கையில் தைலத்தோடு. முற்பகல் பதினோரு மணி இருக்கும். என் வீட்டுக்காரர் பிளாஸ்டிக் நாற்காலியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். நான் வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

“வா பாப்பா. கீரை வாங்க வந்தியா?” என்றார் அவர்.

“ஆமாங்கய்யா. வல்லாரை.”

அவர் குரலைத் தாழ்த்தினார். எனக்குக் கேட்காது என்று நினைத்துவிட்டார்போல. “இந்தம்மாகிட்ட வாங்காத. நல்லவங்கதான், பாவம். ஆனா முலாம் பட்டறைக் கால்வாயிலேர்ந்து பறிச்சாந்து எந்தப் பொண்ணுக்கோ குடுத்துட்டாங்களாம். எங்கிட்ட சொல்லி அழுதாங்க.” பிறகு என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, “எம் பொஞ்சாதி வரட்டும், அவளாண்ட வாங்கிக்க. கரையிலதான் பறிப்பா. அவ இந்த மாரி வேலை செய்யவே மாட்டா” என்றார்.

காலையில் குடித்த காப்பி ஞாபகமில்லாத மனிதர். இது எந்த மூலையில் போய் எப்படித் தங்கியது என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

அந்தப் பெண் என்னைப் பார்த்தது. “அம்மா?”

“ஆமா” என்றேன். “கரை போயிடுச்சு கண்ணு. மண்ணு கொட்டிட்டானுங்க.”

அது கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் எதிர்த்துக் கத்தியிருப்பேன், எனக்கு வாய் உண்டு. பையிலிருந்து நோட்டை எடுத்து, “எந்த வாரத்துலேர்ந்து?” என்றது. தீபாவளிக்கு முந்தின வாரம் என்றேன். எழுதிக்கொண்டது. பேனா மூடியைப் போட்டது. “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா.”

“‘இல்லை’ன்னு சொல்லிப் பழக்கமில்ல” என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு சின்னதாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் அது கேட்டது. “அய்யாவுக்கு எந்த இலையைக் குடுத்தீங்க?”

கொல்லைப்பக்கம் கையைக் காட்டினேன். உடைந்த குடத்தில், நான் முந்தானையில் முடிந்து கொண்டுவந்த ஏரிக்கரைக் கொடி தழைத்திருந்தது. அவருக்கு அதிலிருந்துதான் தினமும் கிள்ளிப் போட்டேன். கால்வாய் இலை ஒன்றுகூட என் சமையல்கட்டுக்குள் வரவில்லை. அழுக்கு நிற்காது என்று எனக்கு நானே சொன்னது எவ்வளவு பெரிய பொய் என்று என் கைக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது.

அந்தப் பெண் குடத்தண்டை போய்க் குந்தி உட்கார்ந்தது. ஒரு இலையைக் கிள்ளிக் கடித்துப் பார்த்தது. பிறகு, “இதுல கொஞ்சம் எடுத்துக்கட்டுமா?” என்று என்னிடமே அனுமதி கேட்டது.

இரண்டு இலையையும் பரீட்சை செய்து பார்த்தார்கள். கால்வாய் இலையில் முலாம் பூசுகிற உலோகம் இருந்தது. தப்பு அந்தப் பெண்ணுடையது இல்லை என்று புரொபசர் ஒத்துக்கொண்டார். முதலில் கிடைத்த முடிவு சரிதான் என்று எழுதி வைத்தார்கள். ஆனால் ஆராய்ச்சிக்குக் கொடுத்திருந்த வருஷக் கெடு முடிந்துவிட்டது. திரும்ப முதலிலிருந்து செய்ய ஆளும் இல்லை, ஏரிக்கரையும் இல்லை. அந்தப் பெண் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டது. போகும் முன் சொல்லிக்கொள்ள வந்தது. “உங்க ஏரி இலை எலிக்கு வேலை செஞ்சுதும்மா. அவ்ளோதான் நம்மால சொல்ல முடியும். அதுவும் நிஜம்தான்” என்றது. என் தலையில் பழியைப் போட்டுவிட்டுப் போயிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

என் பொய்யால் அவர் சாகவில்லை. அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். மருந்து தேறியிருந்தாலும் அவருக்கு வந்து சேர்ந்திருக்காது. ஆனால் வேறு வீடுகளில் வேறு கிழவன்கள் இன்னும் சுவரைத் தடவிக்கொண்டு சுற்றுகிறார்களே, அவர்களுக்குப் போக வேண்டியது எவ்வளவு தள்ளிப் போயிற்று? இதற்குக் கணக்குப் போட எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்களும் சொல்லவில்லை.

அவர் ஒரு தை மாசம் மத்தியானத்தில் போனார். இரண்டு நாள் காய்ச்சல். கஞ்சி கொடுத்தேன். வேண்டாம் என்று கையால் தள்ளிவிட்டு, “நீங்க ரொம்ப செஞ்சிட்டீங்கம்மா. அவ வந்தா நான் கேட்டதாச் சொல்லுங்க” என்றார். சொல்கிறேன் என்றேன். அந்தப் பெண்சாதியாக அவர் முன்னால் போய் நிற்க அப்போது எனக்கு யோக்கியதை இருந்ததா?

ஆறு பிள்ளைகளுக்கும் இது தெரியாது. அம்மா கொடுத்த கீரையில் காலேஜில் மருந்து செய்தார்கள் என்று பெரியவன் சம்பந்தி வீட்டில் பெருமையாகச் சொன்னபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். காப்பி ஆறிவிட்டது, குடிக்கவில்லை. அந்தப் பெருமையைக் கேட்ட பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். முதியோர் பள்ளியில் கற்றுக்கொண்ட எழுத்து, ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் ஆகிறது. எழுதிவிட்டதை வாசிக்கக் கண்ணும் பத்தவில்லை.

மகன்வயிற்றுப் பேத்தி காலேஜ் விட்டு வந்து பையை வைத்திருக்கிறாள். கூப்பிட்டு நோட்டைக் கையில் கொடுத்தேன்.

“இன்னா ஆயா இது, கதையா?”

“கதை இல்லடி. நான் செஞ்சது. சத்தமாப் படி, சரியா எழுதிக்கீறேனான்னு பாக்கணும். கால்வாய்னு வர்ற எடத்துல முழுங்காத. உங்கப்பன் உள்ளதான் கீறான், அவன் காதுலயும் விழட்டும். படி.”